குளத்தின் எல்லையும் ஊராட்சியின் எல்லையும்

(தூத்துக்குடி மில்லர்புரத்தில் நடைபெற்ற ஊராட்சிப் பணியாளர் பயிற்சி வகுப்பில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் வடிவம்)



இவ்வகுப்பை நடத்துவோர் நமக்கு அளித்துள்ள தலைப்பு 'வட்டாரத்தின் நில அமைப்பும் உள்ளாட்சி அமைப்பும்' என்பதாகும். இத்தகைய தலைப்பில் பேச வருவோர் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பிரிவு பிரிவாக வாசிப்பதும், கேட்போர் உண்ட களைப்பில் கண்ணயர்வதும் வழக்கம். நாமும் பல வகுப்புகளில் அவ்வாறு வாசித்திருக்கிறோம். பயன் ஒன்றும் கண்டோமில்லை. ஆகவே இன்று சட்டப் புத்தகத்தை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு, நம் வட்டாரத்துக் குளம் ஒன்றை மட்டும் உடன் கொண்டு வந்திருக்கிறோம். அது கோரம்பள்ளம் குளம்.

இக்குளத்தின் பெயரை அறியாதார் இங்கு யாரும் இரார். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் கோரம்பள்ளத்தில் அமைந்திருப்பதால், விளாத்திகுளத்திலிருந்தும் சாத்தான்குளத்திலிருந்தும் மனுக் கொடுக்க வருகிறவர்கள்கூட இப்பெயரைச் சொல்லித்தான் பேருந்தில் சீட்டு வாங்குகிறார்கள். ஆயினும் இக்குளத்திற்கு நீர் எங்கிருந்து வருகிறது, நிறைந்தபின் எங்கே போகிறது, போகும் வழியில் எத்தனை அதிகாரங்களின் எல்லையைக் கடக்கிறது என்று கேட்டால், நம்மில் பலர் பதில் சொல்லத் தயங்குவோம். பணியேற்ற முதல் ஆண்டில் நமக்கே தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு பெருமழை வர வேண்டியிருந்தது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, கோடைமேலழகியான் தொடங்கி எட்டு அணைக்கட்டுகளில் நீரைக் கொடுத்துக்கொண்டே வந்து, புன்னைக்காயலில் கடலை அடைகிறது. இவ்வெட்டில் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். மற்ற ஏழும் பழைய மன்னர் காலத்தவை. இது 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பெற்றது. இதன் இருபுறமும் பிரியும் தென்காலும் வடகாலும் சேர்ந்து 25,560 ஏக்கர் நிலத்துக்கு நீர் தருவதாகக் கணக்கு. தென்கால் கடம்பாகுளத்தை நிரப்புகிறது. வடகால் பெருங்குளம், சிவகளை, பேய்க்குளம் முதலிய குளங்களுக்கு நீர் ஊட்டி, எல்லாரும் உண்டது போக மிச்சமிருப்பதைக் கோரம்பள்ளத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. அத்திமரப்பட்டி, காலாங்கரைப் பக்கத்து நெல்லும் வாழையும் இக்குளத்தின் மடைகளை நம்பியிருப்பவை. எட்டாவது அணைக்கட்டின், ஒரு காலின், கடைசிக் குளம் இது. கடைமடை என்பதற்கு இதைவிடச் சரியான எடுத்துக்காட்டு நம் மாவட்டத்தில் இல்லை.

கடைமடைக்காரர் நிலைமை பந்தியின் கோடியில் உட்கார்ந்தவர் நிலைமை. மேலே கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தார்கள் என்ற செய்தி பத்திரிகையில் வந்துவிடும்; இங்கே மடைத்தூம்பு உலர்ந்திருக்கும். பிசானத்திற்காவது வருமா என்று கண்கள் வடகாலை நோக்கியபடி இருக்கும். தூத்துக்குடி நகருக்குக் குடிநீரும் இதே ஆற்றிலிருந்துதான். நகர்மன்றத் தலைவராக விளங்கிய ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து அவர்கள் வல்லநாட்டிலிருந்து குழாய் வழியே நீர் கொண்டுவந்த திட்டம் 1927-இல் நிறைவேறியது. உப்பு நீரைக் குடித்து நொந்த மக்கள் அவரைத் தெய்வமாகக் கொண்டாடியதில் வியப்பில்லை. பிற்காலத்தில் ஆலைகள் பெருகின. அவற்றுக்கும் அணைக்கட்டிலிருந்து நாளொன்றுக்கு 2 கோடி காலன் எடுக்கும் திட்டம் வந்தது. விவசாயிகள் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று வழக்காடினர். இவற்றில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற நாம் இங்கு வரவில்லை. ஒரே ஆற்றில் கை வைப்போர் எண்ணிக்கை கூடக்கூட, கோடியில் இருப்பவன் இலைக்கு வருவது குறையும் என்பது கணக்கு. அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

இதுவரை சொன்னது இக்குளத்தின் ஒரு வாய். மற்றொரு வாய் மேற்கே இருக்கிறது. கயத்தாறு, மணியாச்சி, ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் காடுகளில் பெய்யும் மழை, சிறிய ஓடைகளாகத் திரண்டு, வழியிலுள்ள கண்மாய்களை நிரப்பி, மறுகால் பாய்ந்து, கிழக்கே சரிந்து இக்குளத்திற்கே வருகிறது. ஆற்று நீர் நாம் கெஞ்சினால் வருவது; இந்தக் காட்டு நீரோ கேளாமல் வருவது. வறட்சியில் முதல் வாய் வறண்டு கிடக்கும். அடைமழையில் இரண்டாவது வாய் கொண்டு வருவதைக் குளம் விழுங்க முடியாமல் திணறும். முதலில் காய்வதும் முதலில் மூழ்குவதும் ஒரே ஊர் என்பது வெளியூரார்க்கு விந்தையாகத் தோன்றும். அத்திமரப்பட்டிக்காரரைக் கேளுங்கள், விந்தை ஒன்றுமில்லை என்பார்கள்.

குளம் நிறைந்தால் '24 கண் மதகு' வழியே நீர் வெளியேறி, உப்பாற்று ஓடையில் இறங்கி, உப்பளங்களின் ஊடே கடலுக்குப் போக வேண்டும். மேற்கிலிருந்து கிழக்கே நிலம் மிக மெதுவாகச் சரிகிறது. கடலை நெருங்க நெருங்கச் சரிவே இல்லை எனலாம். உப்பளம் போடுவதற்கு இத்தகைய தட்டை நிலம் மிகவும் உகந்தது. நாட்டில் குஜராத்திற்கு அடுத்தபடியாக உப்பு விளைவிப்பது நம் கரைதான் என்று பெருமை கொள்கிறோம். ஆனால் தட்டை நிலத்தில் வெள்ளம் ஓடாது, நடக்கும். வழியில் ஒரு பாத்திவரப்போ, சீமைக்கருவேல் புதரோ தென்பட்டால் நின்றுவிடும்.

இக்கடற்கரையின் தன்மையைப் பற்றி மற்றொன்றும் கூற ஆசைப்படுகிறோம். முத்துக்குப் பெயர்பெற்ற பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடலைக் காணாமல் உள்நாட்டில் கிடக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ கண்ட அந்தக் காயலும், இன்றைய பழையகாயலாகக் கரையை விட்டு விலகிப்போனது. பின்னர் தூத்துக்குடி தலையெடுத்தது. ஆக, நம் ஊர்களின் எல்லைகளை நாம் வரைவதற்கு முன்பே ஆறும் கடலும் பலமுறை வரைந்து, அழித்து, மீண்டும் வரைந்திருக்கின்றன. சர்வேக் கல் நட்டு நாம் வரைந்த எல்லை இவற்றுக்கு மிகவும் பிற்பட்டது.

அந்தப் பிற்பட்ட எல்லைக்கு இப்பொழுது வருவோம்.

தூத்துக்குடி 1866-இல் நகராட்சியாயிற்று. அதைச் சுற்றியிருந்த கிராமங்களோ, 1884-ஆம் ஆண்டு ஸ்தல ஸ்தாபனச் சட்டம், 1920-ஆம் ஆண்டுச் சட்டம், சுதந்திரத்துக்குப் பின் 1950-ஆம் ஆண்டு கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் எனப் பல கைகள் மாறின. 1952 அக்டோபர் 2-இல் சமூக நல அபிவிருத்தித் திட்டம் தொடங்கியபோது 'பிளாக்' என்ற சொல் நம் நாட்டுக்கு வந்தது. கிராம சேவக் சைக்கிளில் வந்து விதைநெல்லும் உரமும் பற்றிப் பேசிய காலம் அது. 1957-இல் பல்வந்த்ராய் மேத்தா குழு, மக்கள் பிரதிநிதிகளிடம் அதிகாரம் இல்லாத அபிவிருத்தி நிலைக்காது என்று கூறிற்று. அடுத்த ஆண்டே சென்னை மாநிலம் பஞ்சாயத்துச் சட்டம் இயற்றி, 1960-61-இல் ஊராட்சி ஒன்றியங்களை அமைத்தது. பிளாக்கின் எல்லையும் ஒன்றியத்தின் எல்லையும் ஒன்றாக்கப்பட்டன. நம் பதவி அதிலிருந்து பிறந்தது. பின்னர் அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதையொட்டி எழுந்தது. இம்மாவட்டத்தில் 12 ஒன்றியங்களும் 403 கிராம ஊராட்சிகளும் என்ற கணக்கு உங்களுக்கு மனப்பாடம். ஒன்றிய அலுவலகத்தில் வட்டார ஊராட்சிக்கு ஒருவர், கிராம ஊராட்சிக்கு ஒருவர் என இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருப்பதும், எந்தக் கோப்பு எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதில் புதிதாக வருகிறவர் குழம்புவதும் நீங்கள் அறிந்ததே.

சட்ட வரலாறு இவ்வளவு போதும். குளத்திற்குத் திரும்புவோம்.

2008 ஆகஸ்டில் தூத்துக்குடி மாநகராட்சியாயிற்று. 2011-இல் அத்திமரப்பட்டி, முத்தையாபுரம், மீளவிட்டான், சங்கரப்பேரி, தூத்துக்குடி ரூரல் ஆகிய ஊராட்சிகள் அதனோடு இணைக்கப்பட்டன. ஏறத்தாழ 13 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 90 சதுர கிலோமீட்டராக விரிந்து, 60 வார்டுகளாகப் பிரிந்தது. சாலையும் விளக்கும் குப்பை வண்டியும் வரும் என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. அவை வரவும் செய்தன. வரி கூடும் என்று அஞ்சியவர்களும் உண்டு. நம்மிடம் வந்து வருந்தியவர்கள் வேறு வகையினர். கிராமப்புறத்துக்கென்று 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த 100 நாள் வேலை, நகர எல்லைக்குள் சென்றதும் அவர்களுக்கு இல்லாமற் போயிற்று. "நேற்று வரை வாய்க்காலில் மண் வெட்டினோம், வாய்க்கால் அங்கேயே இருக்கிறது, மண்ணும் இருக்கிறது, நாங்களும் இருக்கிறோம், வேலை மட்டும் எங்கே ஐயா போயிற்று?" என்று ஒரு மூதாட்டி கேட்டார். சட்டப்படி நாம் சொன்ன பதில் சரியானதே. ஆனால் அது அவர் கேட்ட கேள்விக்குப் பதிலாகாது. வாய்க்காலை இனி யார் வெட்டுவது என்பதையும் சேர்த்தல்லவா அவர் கேட்டார்!

இன்றைய நிலையைப் பாருங்கள். குளத்திற்கு நீர் வரும் மேற்கு ஓடைகள் பல ஒன்றியங்களின் ஊராட்சிகளில் இருக்கின்றன. அங்குள்ள கண்மாய்களில் 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பு. கோரம்பள்ளம் குளம் நீர்வளத் துறையினுடையது. அதன் பாசன வயல்களில் ஒரு பகுதி மாநகராட்சி வார்டுகளுக்குள் இருக்கிறது. நாற்று நடுகிற பெண்மணி இன்று நகரவாசி. ஓடைப் புறம்போக்கில் ஆக்கிரமிப்பு இருந்தால் வருவாய்த் துறைக்கு எழுத வேண்டும். ஓடையின் மேல் செல்லும் சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையின் வசம், சில நம் வசம். கடைசியில் உப்பளங்கள், அவற்றுக்கு வேறு உடைமையாளர்கள், வேறு குத்தகைகள். நீர் இவையனைத்தையும் அறியாது. ஊராட்சி எல்லைக்கல்லைக் கண்டு ஒரு சொட்டு நீரும் நின்றதில்லை.

ஆனால் பொறுப்பு நிற்கிறது. அதுதான் தொல்லை. ஒவ்வொரு புரட்டாசியிலும் ஓடையைச் சுத்தம் செய்யக் கோரி நம் அலுவலகத்துக்கு மனு வரும். அது எம் எல்லையில் இல்லை என்று அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பிவைப்போம். அவர்களும் அவ்வாறே. மனு ஓடையைவிட வேகமாக ஓடும். அமலைச்செடியும் நாணலும் இருந்த இடத்திலேயே வளரும்.

பழைய நாளில் இது எப்படி நடந்தது என்று பெரியவர்களிடம் கேட்டிருக்கிறோம். குடிமராமத்து என்று ஒன்று இருந்தது. ஆயக்கட்டுக்காரர் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். வராதவர் கூலிக் காசு கட்ட வேண்டும். நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருந்து, எந்த மடை எப்பொழுது திறப்பது, கரையில் எங்கே எலிவளை, நண்டுவளை என்பதைக் கையிலுள்ள ரேகைபோல் அறிந்திருப்பார்; அறுவடையில் அவருக்கு நெல் உண்டு. இந்த வழக்கத்தைக் கட்டாயமாக்க ஆங்கிலேயர் 1858-இல் சட்டமே செய்தனர். நாம் இதைச் சொல்வதால் பழங்காலம் பொற்காலம் என்று கருதிவிட வேண்டாம். மண்வெட்டியோடு வந்தவர் யார், கரைமேல் குடை பிடித்து நின்றவர் யார் என்பதையும் அந்தப் பெரியவர்களே சொன்னார்கள். எனினும் ஒன்று உண்மை: வாய்க்காலில் புல் முளைத்தால் அது யார் புல் என்ற கேள்வி அன்று எழவில்லை.

நம் சொந்தத் தவறு ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஒன்றியத்தில் பணிபுரிந்தபோது, ஓர் ஓடையின் குறுக்கே சிறுபாலம் கட்ட நிதி வந்தது. மதிப்பீட்டுக்குள் வேலையை முடிக்க இரண்டு கண் வைத்தாற் போதும் என்று பொறியியற் பிரிவினர் வரைந்த வரைபடத்தில் நாம் ஒப்பமிட்டோம். வேலை நடக்கும்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து, "ஐயா, கார்த்திகையிலே இந்த ஓடை அந்தப் பனைமரம் வரைக்கும் அகலமாகும், இந்தப் பொந்து போதாது" என்றார். பனைமரம் ஓடையிலிருந்து வெகு தொலைவில் நின்றது. நாம் சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினோம். மூன்றாம் ஆண்டு மழையில் ஓடை பனைமரத்தைத் தொட்டது. பாலத்தில் முள்ளும் சருகும் அடைத்துக்கொண்டன. நீர் எதிர்த்துத் திரும்பி, மேட்டிலிருந்த 11 குடிசைகளுக்குள் புகுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பாலத்தையும் ஒன்றும் செய்யவில்லை. அது இன்றும் நல்ல நிலையில் இருப்பதாகவே கேள்வி. தணிக்கையில் அந்த வேலைக்கு ஒரு குறிப்பும் எழவில்லை. அன்று முதல், எந்த வாய்க்காலின் மீது வேலை எடுத்தாலும், பக்கத்தில் ஆடு மேய்ப்பவர் யார் என்று முதலில் கேட்பது நம் வழக்கமாயிற்று.

இனி, 2023 டிசம்பர் 17, 18 நாட்கள். இவற்றைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அளவுகளைப் பதிந்து வைப்பது நலம். இம்மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழை சுமார் 65 சென்டிமீட்டர். 18-ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95, திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர் பதிவாயின. ஓராண்டு மழையை ஒரு நாளில் பெற்ற ஊர்கள் இவை. காயல்பட்டினம் ஒன்றரை ஆண்டு மழையையே பெற்றது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரயிலில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கித் தவித்ததை நாடே கண்டது. கோரம்பள்ளம் குளத்தின் கரை உடைந்தது. வயல், வாழைத் தோட்டம், வீடு, உப்பளம் என்ற வேறுபாடின்றி வெள்ளம் பரவிற்று. நகரத்தின் மழைநீரை வடிக்க வேண்டிய பக்கிள் ஓடையும் நிரம்பி நின்றது.

இத்தகைய மழைக்கு எந்த ஓடையும் போதாது என்று சொல்வோர் இருக்கிறார்கள். அது ஓரளவு மெய். ஆனால் வெள்ளம் வடிய எத்தனை நாள் ஆயிற்று என்பதற்கு மழை மட்டும் பொறுப்பன்று. குளம் உடைவது ஓர் இரவு. ஊரில் நீர் தேங்குவதோ பல நாள். அந்தப் பல நாளைச் சில நாளாக்குவது நம்மால் ஆகக்கூடியது.

அவ்விரவில் நாம் கற்றது ஒன்று உண்டு. கைபேசிக் கோபுரங்கள் ஓய்ந்துவிட்டன. மேலிடத்து உத்தரவு வரவும் வழியில்லை, நம் அறிக்கை போகவும் வழியில்லை. அப்பொழுது ஓர் ஊராட்சியின் வார்டு உறுப்பினரான அம்மையார் ஒருவர், இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதப் பெண் இருக்கிறாள் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். நம் அலுவலகத்தில் இல்லாத பதிவேடு அது. அவர் சொன்ன வரிசையிலேயே ஆட்களை வெளியேற்றினோம். படகு கொண்டுவந்தவர்கள் கடற்கரை மீனவர்கள். ஒன்றிய எல்லை, மாநகராட்சி எல்லை என்று அவர்கள் கேட்கவில்லை.

இதை நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட மூன்றாண்டுகளும் தனி அலுவலர்களின் ஆட்சி. 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு மீண்டும் பதவிக்காலம் முடிந்து, மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தனி அலுவலர் என்றால் யார்? நம்மைப் போன்றவர்தாம். தலைவரின் ஒப்பமும் நம் ஒப்பம். மன்றத்தின் தீர்மானமும் நம் தீர்மானம். பல ஊராட்சிகளின் கோப்புகள் ஒரே மேசையில் வந்து குவியும். வேலை நிற்காது, சம்பளப் பட்டியல் போகும், விளக்கு எரியும், குழாயில் நீர் வரும். ஆனால் நிறைமாதப் பெண் எந்த வீட்டில் இருக்கிறாள் என்பது நமக்குத் தெரியாது. மன்றத்தில் எழுந்து நின்று, "அந்த மடை அடைத்திருக்கிறது, நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்க ஆளில்லாத தீர்மானப் புத்தகத்தில் ஒப்பமிடுவது எளிது. நாம் அவ்வாறு எளிதாக ஒப்பமிட்ட நாட்களை எண்ணிப் பார்க்கும்போது நமக்கே சற்று நாணமாயிருக்கிறது.

ஆயினும் மன்றம் இல்லாத காலத்திலும் கிராம சபை இல்லாமற் போவதில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்றிருந்த நான்கு கூட்டங்கள் 2022-இல் ஆறாயின. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் ஆகியவை சேர்ந்தன. தண்ணீர் நாளில் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டுமென்று எண்ணுவது தவறாகாது. சென்ற கூட்டங்களின் தீர்மானங்களை நாம் புரட்டிப் பார்த்தோம். 'நீர்நிலைகளைப் பாதுகாப்பது எனத் தீர்மானிக்கப்பட்டது' என்ற ஒரே வாக்கியம் ஊர்தோறும், ஆண்டுதோறும், எழுத்து மாறாமல் இருக்கிறது. எந்த நீர்நிலை? எந்தப் புல எண்? எங்கிருந்து எங்கு வரை? யார், எந்த மாதத்திற்குள்? இவை இல்லாத தீர்மானத்தை மேலதிகாரி எவரும் செயல்படுத்த இயலாது. அவர் செயல்படுத்தவில்லை என்று குறை கூறவும் நமக்கு இயலாது.

இவ்விடத்தில் முத்துக்குளிப்பு நம் நினைவுக்கு வருகிறது. இக்கரையில் அரசினர் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அது நடந்த காலத்தில், மூழ்கிகளைக் கடலில் இறக்குவதற்கு முன்னரே அதிகாரிகள் பார்களுக்குப் படகில் சென்று, சிப்பி இருக்கிறதா, எத்தனை பிராயம், முத்து விளைந்திருக்கிறதா என்று மாதிரி எடுத்து அறிவார்கள். விளையவில்லையென்றால் அந்த ஆண்டு குளிப்பு இல்லை. விளைந்திருந்தால் பாரின் எல்லையைக் கொடி மிதக்கவிட்டுக் குறிப்பார்கள்; அந்த எல்லைக்குள்தான் குளிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கடலடியை ஆண்டுதோறும் நேரில் சென்று பார்த்துக் கணக்கெழுதிய நிர்வாகம், கண்ணுக்கு முன்னால் கிடக்கும் ஓடையை நடந்து பார்த்துக் கணக்கெழுத முடியாதா என்பது நம் வினா. கடலில் கிடைப்பது முத்து, ஓடையில் கிடைப்பது சேறு என்பதால் அக்கறை குறைந்ததோ என்னவோ!

ஆகவே நாம் கேட்பது பெரிய திட்டமன்று, நிதியும் வேண்டியதில்லை. ஒவ்வொரு செயலரும் தம் ஊராட்சியில் ஓடும் ஒவ்வோர் ஓடையையும் ஆடி மாதத்திற்குள் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். உடன் கிராம நிர்வாக அலுவலரையும், வயலுள்ள இருவரையும், ஆடு மேய்ப்பவர் ஒருவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். புல வரைபடத்தில் ஓடை எவ்வளவு அகலம், தரையில் எவ்வளவு அகலம் என்பதை நாடாவால் அளந்து எழுதுங்கள். சிறுபாலங்களின் கண்கள் எத்தனை, எவை அடைந்துள்ளன என்று குறியுங்கள். சென்ற வெள்ளத்தில் நீர் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் நின்றது என்ற கறை பல வீடுகளில் இருக்கிறது. வெள்ளையடிக்கு முன் அதையும் அளந்துவிடுங்கள். இந்தக் கணக்கோடு வருகிற தீர்மானத்தை எந்த அலுவலகமும் 'எம் எல்லையில் இல்லை' என்று ஒரே வரியில் திருப்ப இயலாது. 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் போன்றவை நம் கையில் இருந்தும், அளவு இல்லாமல் அவை பயன்படா.

அத்துடன் நம் ஓடை அடுத்த எல்லைக்குள் நுழையும் இடத்தில் நாம் நின்றுவிடக் கூடாது. எல்லைக்கல்லுக்கு அப்பால் உள்ள மாநகராட்சி வார்டு அலுவலரையும் நீர்வளத் துறைப் பாசன ஆய்வாளரையும் அந்த இடத்துக்கே வரவழைத்து, மூவரும் ஒரே தாளில் ஒப்பமிட வேண்டும் என்பது நம் விருப்பம். சட்டத்தில் இதற்கு இடமுண்டா என்று ஒரு செயலர் முன்வரிசையிலிருந்து கேட்கிறார். இதைத் தடுக்கும் பிரிவு ஒன்றும் நம் கண்ணில் படவில்லை என்பதே நம் பதில்.

மற்றொரு ஐயத்தையும் தேநீர் வேளையில் சிலர் கேட்டனர். 2024 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் மாநிலத்தின் பல நகரங்களோடு ஊராட்சிகளை இணைக்க அறிவிப்புகள் வந்ததைப் பார்த்தவர்கள், நாளை நம் ஊராட்சியும் போய்விட்டால் இந்தக் கணக்கு யாருக்கு உதவும் என்கிறார்கள். ஊராட்சி போகலாம், செயலர் மாறலாம், நாமும் மாற்றலாகிப் போவோம். கோரம்பள்ளத்துக்கு வருகிற காட்டு நீர் மாற்றலாகிப் போகாது. அடுத்து வருகிறவர் கையில் ஓர் அளவுப் புத்தகம் இருந்தால், அவர் நம்மைப் போல் பெருமழை ஒன்றிடம் பாடம் கேட்க வேண்டியிருக்காது.

நேரமாகிவிட்டது, அடுத்து சுகாதாரத் துறையினர் பேச வேண்டும். ஓர் அறிவிப்பு மட்டும். வரும் சனிக்கிழமை காலை 6 மணிக்கு 24 கண் மதகில் கூடுகிறோம். அங்கிருந்து உப்பாற்று ஓடை வழியே உப்பளம் வரை நடை. புல வரைபடமும், 30 மீட்டர் நாடாவும், குடிக்கத் தண்ணீரும் கொண்டு வாருங்கள். சேற்றில் செருப்பு நிற்காது. பழையதாக இருந்தால் நல்லது.